குழவிக் கோலமும் காண்போர் அவையும்

குழந்தையை அணிசெய்து பிறர் காண நிறுத்தும் வழக்கம் புதியதன்று; தமிழிலக்கியத்தில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. ஆயின், அவ்வாறு நிறுத்திய குழந்தைக்கு மதிப்பெண் இட்டு, ஒன்று வென்றதென்றும் மற்றையவை தோற்றன என்றும் அறிவிக்கும் வழக்கம் அண்மையில் தோன்றியது. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குதற்கு இடமுண்டு. மழலையர் அழகுப் போட்டியை விரும்புவோர், நம் முன்னோரும் கண்ணனையும் முருகனையும் குழந்தையாக்கி, அடிமுதல் முடிவரை அழகு பார்த்தவர்களே எனப் பிள்ளைத்தமிழைத் துணைக்கு அழைக்கக் கூடும். வெறுப்போரோ, இது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம், நம் மரபில் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது ஒன்றுமில்லை எனக் கூறி அமைதல் கூடும். நூல்களை ஊன்றி நோக்கின் இரு கூற்றும் நில்லா. அவை நில்லாமையைக் காட்டுதலும், நில்லாதவிடத்து வேறு எது நிற்கும் எனக் காண்டலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு விருதுநகர் மாவட்டத்தைப்போல் ஏற்ற களம் பிறிதொன்று வாய்த்தல் அரிது. தமிழில் குழந்தைமையை முதன்முதல் விரித்துப் பாடிய பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசி, நாட்காட்டியிலும் தீப்பெட்டியிலும் மத்தாப்புப் பெட்டியிலும் குழந்தை முகத்தை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பிய ஊர். அதே சிவகாசி வட்டாரத்திலேதான் குழந்தைகள் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பல்லாண்டு உழைத்தனர். பாடப்பெற்ற குழந்தை, அச்சிடப்பெற்ற குழந்தை, உழைத்த குழந்தை என மூவரும் ஒரு மாவட்டத்தினர். இம்மூவரையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாலன்றிப் போட்டி மேடையில் நிற்கும் நான்காம் குழந்தையைப் பற்றி நாம் சொல்வது உணர்ச்சியுரையாக முடியுமேயன்றித் திறனாய்வாகாது.

பெரியாழ்வார் திருமொழியின் தொடக்கப் பகுதியிலேயே நம்மைத் திடுக்கிடச் செய்யும் ஒரு பதிகம் உளது. கண்ணன் பிறந்த மகிழ்ச்சியைப் பாடிய கையோடு, ஆழ்வார் அசோதையின் நிலையில் நின்று, குழந்தையின் உறுப்பு ஒவ்வொன்றையும் பாதம் தொடங்கித் தலைமயிர் ஈறாக வரிசைப்படுத்தி, ஆயர்பாடி மகளிரை வந்து காணுமாறு பாட்டுத்தோறும் அழைக்கின்றார். பயன் கூறும் பாட்டை நீக்கின் இருபது பாட்டு. ஒவ்வொன்றிலும் அழைப்பு உண்டு. இதனைக் குழந்தைக் காட்சி என்னாது வேறு என்னென்பது? தாய் காட்டுகின்றாள்; ஊரார் காண்கின்றனர்; உறுப்பு உறுப்பாகக் காண்கின்றனர். போட்டியை ஆதரிப்போர்க்கு இதனினும் வலிய சான்று கிடையாது. இதனைக் காணாததுபோல் கடந்து செல்லும் கட்டுரைகள் சில உள. கடந்து செல்லுதல் நேர்மையன்று.

ஆயினும் இப்பதிகத்தைத் தனியே பிரித்து நோக்குதலில் பிழையுண்டு. திருமொழியின் இரண்டாம் பத்திலுள்ள வைப்புமுறையைக் காண்க. காது குத்துதற்கு அழைத்தல், நீராட அழைத்தல், குழல் வாரக் காக்கையை அழைத்தல், காக்கையைக் கோல் கொண்டுவரப் பணித்தல், பூச்சூட அழைத்தல் என ஒப்பனைச் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பூச்சூட்டலோடு ஒப்பனை நிறைவெய்துகின்றது. அடுத்த பதிகம் யாது? அந்திப்பொழுதில் குழந்தைக்குக் கண்ணெச்சில் படாதபடி காப்பிடும் பதிகம். அதற்கு அடுத்தது? வெண்ணெய் விழுங்கியும் கலத்தை உடைத்தும் பிள்ளை செய்த தீம்புகளைப் பற்றி அயலகத்தார் வந்து முறையிடும் பதிகம். அழகு, அச்சம், குறும்பு என்பதே வரிசை. ஒப்பனை நிறைந்தவுடன் தாய்க்கு எழுவது வெற்றிப் பெருமிதமன்று; பிறர் பார்வையைப் பற்றிய அச்சம். ஒப்பனை செய்யப்பெற்ற பிள்ளையும் ஒப்பனைக்கு ஏற்ப அடங்கி நிற்கவில்லை. ஓடிப்போய் அயல்வீட்டு வெண்ணெயைத் தின்கின்றது. இதே வரிசையைப் போட்டி மேடையில் நிறுத்திப் பார்ப்போமாயின், முதலாவது மட்டும் எஞ்சி மற்றையிரண்டும் நீக்கப்பெற்றிருத்தல் விளங்கும்.

காப்பு என்பதனை நாம் இலக்கிய உறுப்பாக மட்டும் கருதிப் பழகிவிட்டோம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. தெய்வங்களை வேண்டிப் பாடுவது. அவ்வளவே என்று மாணாக்கர் எழுதுவர். வீட்டு வழக்கத்தோடு வைத்து நோக்கின் அதன் பொருள் ஆழமாகின்றது. குழந்தையைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டுப் பட்டுச் சட்டை அணிவித்த தாய், வெளியே எடுத்துச் செல்லுமுன் கன்னத்தில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு வைக்கின்றாள். அழகைக் கூட்டுதற்காக அன்று, குறைத்தற்காகவே வைக்கின்றாள். காண்போன் கண் முதலில் அக்குறையில் தங்கட்டும் என்பது கருத்து. கண்ணேற்றில் நம்பிக்கை வைத்தல் அறிவுடைமையா என்பது வேறு வினா; ஈண்டு அதனை எடுத்துக்கொள்ளவில்லை. பிறர் பார்வைக்கு ஒரு வலிமை உண்டு, அது குழந்தைமேல் முழுதும் படியலாகாது, இடையில் தாய் நிற்றல் வேண்டும் என்னும் உணர்வு அப்பொட்டில் உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்கது. போட்டிக்குச் செல்லும் குழந்தையின் கன்னத்தில் அப்பொட்டு இராது. அங்கே தாய் பார்வைக்கும் குழந்தைக்கும் நடுவே நிற்பவளல்லள். பார்வையை அழைத்து வருபவள்.

சிவகாசியின் படங்களுக்கு வருவோம். 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது நாடறிந்த வரலாறு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும்; லேபிளுக்கு அச்சகம் வேண்டும்; அச்சகம் வந்தபின் ஆண்டுதோறும் நாட்காட்டி. கோவில்பட்டியில் தங்கி வரைந்த சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் இவ்வச்சகங்களின் வழியே தமிழர் வீட்டுச் சுவர்களை அடைந்தன. அவற்றுள் தவழும் கண்ணனும் வெண்ணெய்க் குடமும் தனியிடம் பெற்றவை. பின்னர்த் தெய்வக்குறி நீங்கிய வெறுங்குழந்தைகளும் வந்தன. உழவன் வேடத்தில் ஒன்று, படைவீரன் வேடத்தில் ஒன்று, தொலைபேசியை ஏந்திய ஒன்று எனக் கொழுகொழு என்றிருக்கும் குழந்தைகள். கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட இந்திய நாட்காட்டிக் கலைபற்றிய நூலில் இவ்வணிகத்தின் இயல்பு விரிவாக ஆராயப்பெற்றுளது.

என் கருத்தை ஈர்ப்பது படத்தினும் படம் தேர்ந்தெடுக்கப்படும் முறையே. சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டு நாட்காட்டிக்குரிய மாதிரித் தொகுப்பை வெளியிடுவது வழக்கம். வணிகர் அதனை 'ஆல்பம்' என்பர். முகவர் அதனைக் கடைதோறும் எடுத்துச் செல்வார். மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அதனைப் புரட்டி, இன்ன எண்ணுள்ள படம் இத்தனை நூறு என்று எழுதிக் கொடுப்பர். ஒவ்வொரு படத்திற்கும் எண் உண்டு. குழந்தைகள் வரிசையாக வைக்கப்பெற்று, எண் இடப்பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிடப்பெற்று, ஒன்று கொள்ளப்பட்டு மற்றவை தள்ளப்படுகின்றன. போட்டி மேடையில் குழந்தையின் மார்பில் குத்தப்பெறும் எண்ணட்டையைக் காணுந்தோறும் எனக்கு இவ்வால்பமே நினைவிற்கு வருகின்றது. ஆயர்பாடியில் காட்டப்பெற்ற குழந்தை ஒன்றே. அதனருகில் நிறுத்தி ஒப்பிட மற்றொரு குழந்தை இல்லை. காணவந்த மகளிர்க்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. மகிழும் உரிமை மட்டுமே உண்டு. இருபது பாட்டில் அழைக்கப்பெற்றும் அவர் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை என்பது கருதற்பாலது.

ஒப்பிட்டு மதிப்பெண் இடும் முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்க நாட்டில் பி. டி. பார்னம் என்னும் காட்சி வணிகர் 1855-இல் நியூயார்க்கில் குழந்தைக் காட்சி நடத்திப் பரிசளித்தார். 1911-இல் ஐயோவா மாநிலப் பொருட்காட்சியில் நல்ல குழந்தையைத் தேரும் போட்டி நடந்தபோது, கால்நடைகளை மதிப்பிடும் அட்டையைப் பின்பற்றியே குழந்தைக்கு மதிப்பெண் அட்டை வகுத்தனர். உடல்நலம் பேணும் நன்னோக்கம் அதில் இருந்தமையை மறுத்தற்கில்லை. எனினும் சுழி பார்த்து மாடு வாங்கும் நம் சந்தைகளை அறிந்தோர்க்கு அவ்வட்டை வியப்பளியாது. அதனைக் குழந்தைமேல் ஏற்றியதே வியப்பளிக்கும். பிற்காலத்தே அங்கு நலம் நீங்கி அழகே பொருளாயிற்று. பிரெஞ்சு நாட்டு மேலவை 2013-இல் சிறுவர் அழகுப் போட்டியைத் தடைசெய்ய வாக்களித்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று வயதிற்குட்பட்டோர்க்குத் தடையும் அதற்கு மேற்பட்ட இளையோர்க்குக் கட்டுப்பாடும் விதித்தது. நம் நாட்டில் தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் குழந்தைகளை வயதிற்கு ஒவ்வாத அசைவுகளுடன் காட்டுதல் தவிர்க்கப்பட வேண்டும் என்று நடுவணரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூன் மாதத்தில் அறிவுரை விடுத்தது. இவற்றை விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று.

வயதிற்கு ஒவ்வாமை என்பது சட்டத்தார் சொல். இலக்கியத்தார் அதனை வேறு வகையிற் கூறலாம். பிள்ளைத்தமிழ் என்பது மெய்யாகவே மடியில் கிடக்கும் குழந்தையைப் பாடும் நூலன்று. தெய்வத்தை, அரசனை, ஆசானை, வளர்ந்து புகழ்பெற்ற ஒருவரை மூன்று முதல் இருபத்தொரு திங்கள் வரையுள்ள குழவியாகக் கற்பித்துப் பாடுவது. ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடியபோது அவன் முடிசூடிய மன்னன். பெரியவரைச் சிறியவராக்குதலே இவ்வகையின் உயிர்நாடி. அதனால் பெரியவரின் அதிகாரம் கரைந்து, அவரை அணுகவும் கொஞ்சவும் வழி பிறக்கின்றது. போட்டி மேடையோ இதனைத் தலைகீழாக்குகின்றது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு உதட்டுச் சாயமும் உயர்குதிச் செருப்பும் திரைப்பாட்டின் நடையும் தந்து, அவளை முப்பது வயதினள்போல் ஆக்குகின்றது. சிறியவரைப் பெரியவராக்குவதால் கரைவது குழந்தைமையே. ஆகவே பிள்ளைத்தமிழை இதற்குத் துணையாக அழைப்போர் எதிர்க்கட்சிக்கு உரிய சான்றையே எடுத்துக் கொடுக்கின்றனர் என்க.

குழந்தையின் அழகு யாது என்பதிலும் பழையோர் கருத்து வேறு. பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் (188) காட்டும் குழந்தை, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழந்தும் தன் மெய்யெல்லாம் பூசிக்கொண்ட குழந்தை. திருவள்ளுவர் புகழ்வதும் சிறுகை அளைந்த கூழையும் பொருள் விளங்காத மழலையையுமே. துடைத்துத் தூய்மை செய்யப்பெற்ற பிள்ளையைச் சங்கச் செய்யுளும் பாராட்டவில்லை, குறளும் பாராட்டவில்லை. மேடைக்கு வரும் குழந்தை கூழை அளைந்தால் மதிப்பெண் குறையும். மழலை பேசினாலும் குறையும், ஏனெனில் மனனம் செய்வித்த விடையைப் பிழையின்றி ஒப்பித்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். அதே மக்கட்பேறு அதிகாரம் மகனை அவையிலே முதன்மையுறச் செய்தலைத் தந்தையின் கடனாகக் கூறுகின்றதே. மகனைப் பிறர் புகழக் கேட்ட தாய் ஈன்ற பொழுதினும் மகிழ்வாள் என்கின்றதே. பிள்ளையை மேடையேற்றி மகிழும் இன்றைய பெற்றோர் அக்குறள் வழியே அன்றோ நடக்கின்றனர்? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. பெற்றோரின் பெருமிதத்தை வள்ளுவர் பழிக்கவில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின் எவ்வவை என்பதே வினா. பரிமேலழகர் அதனைக் கற்றார் அவை எனக் கொண்டு, அவரினும் மிக்கிருக்குமாறு கல்வியுடையன் ஆக்குதல் என உரைப்பர். மகன் பெற்றது அவனுடன் நிலைத்து நிற்கும் பொருள். தாயும் கேட்கின்றாளேயன்றிக் காட்டவில்லை. அவள் கேட்பதற்கு முன் மகன் சான்றோன் ஆவதற்குரிய காலம் கழிந்திருத்தல் வேண்டும். அக்கால இடைவெளியே குறளின் உட்கிடை. மேடையோ அவ்விடைவெளியைப் பொறாது. நான்கு வயதிலேயே தீர்ப்பு வேண்டும் என்கின்றது. கற்றார் அவைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பள்ளியில் சோறிட்ட காமராசரும் (1903–1975) இம்மாவட்டத்து விருதுநகரில் பிறந்தவரே என்பதை இங்கு நினைத்தல் பொருந்தும்.

இனி, பெற்றோரை ஒருதரமாகப் பழித்தலும் தகாது. கண்ணன் பிறந்தநாளில் கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி, வாடகைக்கு மயிற்பீலி முடியும் குழலும் வாங்கித் தன் பிள்ளைக்கு அணிவித்து ஒளிப்பட நிலையத்துக்கு அழைத்துச் செல்கின்றாள். அங்கு எடுக்கும் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். அவள் நாட்காட்டியில் கண்ட கண்ணனைத் தன் வயிற்றுப் பிள்ளையிடம் காண்கின்றாள். ஆழ்வார் அசோதையாக நின்றதற்கும் அவள் அவ்வாறு காண்பதற்கும் பெருந்தொலைவு இல்லை. பள்ளி மாறுவேடப் போட்டியில் பாரதியாகவும் காமராசராகவும் நிற்கும் பிள்ளைகளையும் இவ்வகையிற் சேர்க்கலாம், பரிசு பெறாத பிள்ளையை அடித்து இழுத்துச் செல்லும் பெற்றோர் அங்கும் உளர் எனினும். நுழைவுக் கட்டணம், ஒப்பனைக் கூலி, கைப்பேசிவழி உற்றாரிடம் வாக்கு இரத்தல் என்பன சேரும்போதே பொருள் மாறுகின்றது. அங்கே பிள்ளை பெற்றோரின் முதலீடாகிவிடுகின்றது.

முதலீடு என்னும் சொல் சிவகாசியின் மூன்றாம் குழந்தையை நினைவூட்டுகின்றது. விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறி, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பிள்ளைகளைச் சலம் பென்னூர்கர் 1990-இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்திற் பதிந்தார். உச்ச நீதிமன்றம் எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் அளித்த தீர்ப்பு, சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்துமாறு பணித்தது. அந்நிலை இன்று பெரிதும் மாறியுளது. ஆயினும் திறனாய்வாளன் மறக்கலாகாத காட்சி ஒன்றுண்டு. பெட்டிமேல் ஒட்டப்பெற்ற லேபிளில் சிரிக்கும் குழந்தை; அதனை ஒட்டிய விரலும் குழந்தை விரல். காணப்படும் குழந்தை உழைக்கும் குழந்தையை மறைத்தது. வாங்குவோன் கண் முதலாவதோடு நின்றது. கன்னத்து மைப்பொட்டு பிறர் கண்ணைத் தடுத்துக் குழந்தையைக் காத்தது. இப்படமும் கண்ணைத் தடுத்தது, ஆயின் காத்தது குழந்தையை அன்று.

இவ்விரு குழந்தைகளும் ஒரே சட்டத்திற் சந்திக்கின்றனர். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பெற்றபோது, பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என வரையறுத்து இரண்டு விலக்குகளைத் தந்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத்தொழிலில் உதவுதல் ஒன்று. திரைப்படம், விளம்பரம், தொலைக்காட்சி முதலியவற்றில் கலைஞராதல் மற்றொன்று. இரண்டிலும் வாயிற்காவலர் பெற்றோரே. 2017-ஆம் ஆண்டு விதிகள் குழந்தைக் கலைஞர் நாளில் ஐந்து மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்திற்கு மேலும் பணிசெய்தலாகாது என்றும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கேனும் குழந்தையின் பெயரில் வைப்பிடல் வேண்டும் என்றும் கூறுகின்றன. குழந்தையின் விருப்பத்திற்கும் இசைவிற்கும் மாறாக அதனை ஈடுபடுத்தலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

இசைவு என்னும் இச்சொல்லை ஆழ்வார் முன்னரே பாடமாக்கிவிட்டார். காது குத்தும் பதிகத்தில் தாய் பன்னிரு திருநாமங்களையும் சொல்லி அழைக்கின்றாள். தின்பண்டம் தருவதாக ஆசை காட்டுகின்றாள். குழந்தை வாய்திறந்து மறுக்கின்றது. என் கையைப் பிடித்து வலிந்து காதணியைத் திருகினால் உனக்கென்ன, நோவது என் காதன்றோ, மாட்டேன் என்கின்றது. தாயின் பாட்டிற்குள்ளேயே பிள்ளையின் மறுப்பு தன் சொல்லால் இடம்பெறுகின்றது. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை மதுரையில் திருமலை நாயக்கர் முன் அரங்கேற்றிய வரலாறும் இத்தகையதே. அம்மை சிறுமியாய் வந்து மன்னன் மடியிலமர்ந்து, அவன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்து மறைந்தாள் என்பர். அவ்வவையில் பரிசு வழங்கியவள் குழந்தை, பெற்றவர் பாடியவர், மன்னனுக்கு மாலையை இழத்தலன்றி வேறு வேலையில்லை.

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு என ஒன்றைக் காட்டுவர். இறைவனுக்குத் தொடுத்த மாலையைக் கோதை தானே சூடி, அக்கிணற்று நீரில் தன் கோலத்தைப் பார்த்துக்கொண்டாள் என்பது குருபரம்பரைச் செய்தி. சூட்டியவர் இல்லை, காண அழைக்கப்பட்டவர் இல்லை. தந்தை கண்டது பின்னர்; கண்டு கடிந்தார். சூடிக் களைந்த அம்மாலையே தனக்கு உவப்பு என்று இறைவன் கனவில் உரைத்தபின் அவர் தம் கடிதலைக் கைவிட்டார். அவரே குழந்தைக்கண்ணனை ஊர் மகளிர்க்கு உறுப்புறுப்பாகக் காட்டியவர். தாம் வளர்த்த பெண் தானே தன்னைக் கண்ட அந்நாளைப்பற்றி அவர் பாடவில்லை.